எண்பதைத் தாண்டினால் ஒரு சத்தம்

ஜூன் 5, வியாழன்

வசந்தாமணிக்கு இன்று முதல் கீமோ. விடிந்ததும் பெருந்துறையில் கிளம்பி, இருட்டுவதற்குள் கோயம்புத்தூரிலிருந்து திரும்பிவிட்டோம். ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதப் போவதில்லை. வயிற்றில் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். ஏற்றினால் சரியாகிவிடும். அவ்வளவுதான்.

எழுத வேண்டியது காரைப் பற்றி. செங்கப்பள்ளி தாண்டி ஆறுவழிச் சாலையில் ஏறி, முள் எண்பதைத் தொட்டதும் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவது போல. எழுபதுக்கு இறங்கினால் நின்றுவிடுகிறது. போகும்போது சமாளித்துவிட்டாள். வரும்போதுதான் பாவம், மருந்து ஏறிய உடம்பு, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிப் பார்த்தாள். தூங்க முடியவில்லை. எழுபதிலேயே உருட்டலாம் என்றால், "எப்படியோ சீக்கிரம் ஊட்டுக்குப் போய்ச் சேருங்க, கொமட்டுது" என்கிறாள்.

"ஏனுங்க, காதுக்குள்ள மாவாட்டறாப்பல இருக்குது."

"நீ ஏறுனாலே வண்டி எடது பக்கம் சாயுது. அது அழுவுது, வேற என்ன?" என்றேன்.

அவள் நல்ல உடம்புக்காரி. இந்தக் கிண்டலுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரே பதில்தான்: "உங்கம்மா பாத்துப் பாத்துத்தான கட்டி வெச்சாங்க." இன்றும் அதையே சொன்னாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

பெயிண்ட் கடையைத் திறந்து வைத்துவிட்டு ரங்கதுரையின் பட்டறைக்குப் போனேன். கார் வாங்கிய நாளிலிருந்து அவன்தான் மெக்கானிக். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கார்தான் எனக்குப் பிள்ளை என்று வசந்தாமணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு டாக்டர் ரங்கதுரை.

அவன் ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்தேன். முன் சீட்டில் துவைத்த வேட்டி விரித்திருக்கிறது. மருந்து ஏறும் காலத்தில் தொற்று எதுவும் அண்டக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சீட்டில் இனி அவளைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்று நானே சட்டம் போட்டிருக்கிறேன். விஜயமங்கலம் டோல்கேட் வரை தொண்ணூறில் போனோம்.

"ஒன்னுங் காணமுங்ணா" என்றான்.

எனக்கும் கேட்கவில்லை. கோபம் வந்தது. ஒருவேளை செங்கப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ரோடு வேறு மாதிரியோ என்று அங்கேயும் போய்ப் பார்த்தோம். வண்டி நல்ல பிள்ளையாக ஓடியது.

"அக்கா சீட்டுல நா உக்காந்து கேக்கறனுங்ணா, நீங்க ஓட்டுங்க."

அவனுடைய பேண்டைப் பார்த்தேன். கிரீஸில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. "அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

வசந்தாமணிக்கு இரண்டு இட்லி இறங்கியது.

ஜூன் 26, வியாழன்

இரண்டாவது மருந்து. சத்தம் காற்றினால் வருகிறதா, சக்கரத்தினால் வருகிறதா என்று முதலில் பிரிக்க வேண்டும். காற்று புகும் சந்துகளை டேப் ஒட்டி அடைத்துவிட்டு ஓட்டினால் தெரிந்துவிடும். பெயிண்ட் கடைக்காரனுக்கு மாஸ்கிங் டேப்புக்கா பஞ்சம்? நேற்று மாலை பானெட் ஓரம், ஹெட்லைட் ஓரம், இடது கண்ணாடியின் அடிப்பாகம் எல்லாம் ஒட்டினேன். வசந்தாமணி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத்தான் ஒடம்பு சரியில்லீன்னு நெனச்சேன். அதுக்கு இத்தன கட்டுப் போட்டுருக்கறீங்க?"

டோல்கேட்டில் பணம் வாங்கும் பெண் எட்டிப் பார்த்து, "ஆக்சிடென்ட்டுங்களா சார்?" என்று கேட்டாள். வசந்தாமணிக்கு அடக்க முடியாத சிரிப்பு. வெகுநாள் கழித்து அப்படிச் சிரித்தாள். அதற்காகவே இன்னொரு ரோல் ஒட்டலாம் போலிருந்தது.

எண்பதில் சத்தம் வந்தது. ஆக, காற்று இல்லை.

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கக் கூப்பிட்டார்கள். எடையை வைத்துத்தான் மருந்தின் அளவாம். நான் கீழே போய் டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2, புதன்

முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றச் சொன்னேன். சத்தம் டயரோடு பின்னால் போனால் குற்றவாளி டயர். முன்னாலேயே நின்றால் வேறு ஏதோ. ரங்கதுரை மாற்றிக்கொடுத்துவிட்டு, "நம்ம ஓட்டுனா ஒன்னும் வர்றதில்லீங்களேண்ணா" என்று மறுபடி இழுத்தான். இவன் காதை முதலில் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தலைமுடி கொட்டுகிறது. பிறகு வளர்ந்துவிடும்.

ஜூலை 17, வியாழன்

மூன்றாவது மருந்து. டயரை மாற்றியும் சத்தம் முன்னாலேயேதான் நிற்கிறது. இன்று ஒரு முன்னேற்றம். பெருமாநல்லூர் தாண்டி, பின்னால் வண்டி எதுவும் இல்லாத இடத்தில் ஸ்டியரிங்கை லேசாக வலது, இடது என்று மாற்றி மாற்றி வளைத்தேன். வலது பக்கம் ஒடித்தால் வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மேல் விழும். அப்போது சத்தம் கூடியது. இடது பக்கம் ஒடித்தால் அடங்கியது. இடது முன்சக்கர பேரிங்! பேரிங் தேய்ந்தால் இப்படித்தான் பாரத்துக்குத் தகுந்தபடி கத்தும்.

"கண்டுபுடிச்சுட்டன் பாத்தியா!" என்று திரும்பினால், அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறாள். வளைத்து வளைத்து ஓட்டியது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓரமாக நிறுத்தினேன். வாந்தி எடுத்து முடியும் வரை நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வாய் கொப்பளித்துவிட்டு அவள் சொன்னாள்: "எனக்கென்னமோ நா வாரப்ப மட்டுந்தான் இது கத்துதாட்ட இருக்குது."

"ஆளப் பாத்துக் கொரைக்கறதுக்கு அதென்ன நாயா?" என்றேன்.

ஜூலை 28, திங்கள்

பேரிங் மாற்றியாயிற்று. கழற்றிய பேரிங்கை ரங்கதுரை விரலில் மாட்டிச் சுற்றிக் காட்டினான். "இது நல்லாத்தானுங்ணா இருக்குது" என்றான். நன்றாக இருப்பதை எதற்கு மாற்றினாய் என்று கேட்க முடியாது, மாற்றச் சொன்னது நான்தான். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கொடிவேரி அணைக்குப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். தேங்காய்ப்பால் காய்ச்சிக் கொடுத்தேன். அடிப் பிடித்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு வாய் குடித்தாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நாலாவது மருந்து. சத்தம் குறைந்துவிட்டது! போகவில்லை, குறைந்திருக்கிறது. கிரைண்டர் பக்கத்து வீட்டிலிருந்து அடுத்த தெருவுக்குப் போன மாதிரி. பேரிங்தான் என்று அன்றைக்கே சொன்னேன். ரங்கதுரைக்கு அங்கேயே போன் போட்டுச் சொன்னேன். அவன் "அப்புடிங்களா" என்றான், நம்பாத குரலில்.

வரும்போது அவள் அவினாசி வரை கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சூலூரிலிருந்து மச்சினி கலாவதி பஸ்ஸில் வந்திருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே வார்ப்பு, ஒருத்தி ஜாக்கெட் இன்னொருத்திக்குச் சேரும். வசந்தாமணி பீரோவிலிருந்து ஜாக்கெட்டுகளையெல்லாம் எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டாள். பட்டுச் சேலை ஜாக்கெட்டையும்தான். உடம்பு தேறியதும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். கலாவதி முகத்தைக் கழுவிக்கொள்ள எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

முன் டயர் இரண்டும் புதிது போட்டேன். மீதிச் சத்தத்தையும் ஒழித்துக் கட்டிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஐந்தாவது மருந்து. புது டயர் வேலை செய்கிறது! தொண்ணூறு போனால்தான் லேசாகக் கேட்கிறது, அதுவும் காது கொடுத்தால்தான். சந்தோஷமாக அவளிடம் சொன்னேன்.

"நீங்க உடமாட்டீங்க" என்றாள்.

மோதிரம் விரலில் நிற்கவில்லை என்று கழற்றிக் கொடுத்தாள். நூல் சுற்றிப் போடலாம் என்றேன். "இருக்கட்டும், உங்ககிட்டயே வெச்சுக்குங்க" என்றாள். அதை வாங்கி வேறெங்கும் வைக்கத் தோன்றாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீடு வரும் வரை அது நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

ஆறாவது மருந்து ஏற்றவில்லை. டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். உடம்பு தாங்காது, இப்போதைக்கு ஓய்வு போதும், வீட்டில் வைத்துப் பிடித்ததைக் கொடுங்கள் என்றார். ஓய்வு நல்லதுதான். எத்தனை நாளைக்கு ஓய்வு என்று கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவள், "என்னங்க சொன்னாரு?" என்றாள்.

"ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு."

"ம். சரீங்க."

கார் வரைக்கும் என் கையைப் பிடித்தபடி வந்தாள். திரும்பும்போது எவ்வளவு வேகத்தில் வந்தேன் என்று தெரியவில்லை. சத்தம் வந்ததா என்று கவனிக்கவும் இல்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கடையில் நல்ல வியாபாரம். காரைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். வருஷா வருஷம் வசந்தாமணி முன் சீட்டில் உட்கார்ந்திருக்க, நான் வண்டியை நகர்த்துவேன். இந்த வருஷம் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். தூக்க முடியுமா என்று பயந்தேன், எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. சிரமமே இல்லை.

அக்டோபர் 4, சனி

விடிந்ததிலிருந்து வலி தாங்காமல் துடித்தாள். கோயம்புத்தூருக்கு ஓட்டினேன். அவளுக்கு ஊசி போட்டு, வலிக்கு மருந்து கொடுத்து, மாலையில் அனுப்பிவிட்டார்கள்.

வரும்போது தொண்ணூறில் வந்தேன். சத்தமே இல்லை. துளிகூட இல்லை. நூறு போய்ப் பார்த்தேன். இல்லை. ரோடும் காற்றும் மட்டும்தான் கேட்டன. இத்தனை மாதம் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்துவிட்டது.

"சத்தம் நின்னுபோச்சு, பாத்தியா!" என்றேன்.

அவள் சீட்டில் சாய்ந்தபடி தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நின்னுபோச்சுங்க. இனி கத்தாது."

அப்புறம் தூங்கிவிட்டாள். கருமத்தம்பட்டியிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் அசங்காமல் தூங்கினாள். வாசலில் நிறுத்திய பிறகும் எழுப்ப மனம் வராமல், வண்டியை அணைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஜூனிலிருந்து நான் கேட்டது இந்த ஒரு தூக்கத்தைத்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்றுக் காலையில் வசந்தாமணி போய்விட்டாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கடை பூட்டியிருக்கிறது. ரங்கதுரை சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். வண்டி எப்படி ஓடுது என்று கேட்டான். நன்றாக ஓடுகிறது என்றேன்.

அக்டோபர் 27, திங்கள்

நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. எல்லோரும் போன பிறகு கலாவதி மட்டும் ஒரு நாள் இருந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இன்று அவளைச் சூலூரில் விடக் கிளம்பினேன். முழங்கால் வலிக்காரி, பின் சீட்டில் ஏற முடியவில்லை. முன் கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தாள். வேட்டி இன்னும் விரித்தபடியே இருந்தது.

"உக்காரட்டுங்களா மாமா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? உட்காரச் சொன்னேன்.

செங்கப்பள்ளி தாண்டினேன். எண்பது. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது.

அதே சத்தம். ஜூன் மாதம் கேட்ட அதே முழுச் சத்தம். முதலில் ரங்கதுரை மேல்தான் ஆத்திரம் வந்தது. பேரிங்கும் போச்சு, டயரும் போச்சு, மறுபடி முதலிலிருந்தா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

"இதென்னுங்க மாமா, மாவாட்டறாப்பல" என்றாள் கலாவதி.

பெருமாநல்லூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீ குடித்ததும், "கலா, சித்த நேரம் பின்னால உக்காந்துக்கறியா?" என்றேன். காரணம் கேட்காமல், வலியோடு பின்னால் ஏறினாள். எண்பது. தொண்ணூறு. சத்தம் இல்லை. மறுபடி ஓரம் கட்டி முன்னால் வரச் சொன்னேன். எண்பதில் சத்தம் வந்தது.

வண்டியை நிறுத்திவிட்டேன். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஸ்டியரிங்கைப் பிடித்த கை விடவில்லை.

"மாமா? ஏனுங் மாமா, என்னாச்சுங்க?"

அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அக்காவின் பச்சை ஜாக்கெட் போட்டிருந்தாள். அவளுக்கு அது கச்சிதமாக இருந்தது.

பேரிங் ஒன்றும் செய்யவில்லை. டயர் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளின் பாரத்துக்குத்தான் வண்டி கத்தியது. பாரம் குறையக் குறையச் சத்தமும் குறைந்தது. ஒவ்வொரு தடவையும் நான் அவளிடமே திரும்பி, குறைஞ்சுருச்சு பாத்தியா, குறைஞ்சுருச்சு பாத்தியா என்று குதித்திருக்கிறேன். அவள் கரைந்துகொண்டிருந்ததை அவளிடமே சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இனி கத்தாது என்று சொன்னாளே.

கலாவதி முன்னால் அழ வேண்டாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

ரங்கதுரை கண்டுபிடித்துவிட்டான். முன் சீட்டில் அவனை உட்கார வைத்து ஓட்டினேன், வேட்டியை மடித்து எடுத்துவிட்டு. ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிட்டது. சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் மண் தெறிக்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் தகடு உண்டு. இடது பக்கத்துத் தகட்டில் இரண்டு கிளிப் விழுந்துவிட்டது. வேகத்தில் காற்று அதை உள்ளே தள்ளுகிறது. அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்து வண்டி கொஞ்சம் தாழ்ந்தால் டயர் போய் அதில் உரசுகிறது. உரசிய இடம் கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது. மூன்று தடவை சக்கரத்தைக் கழற்றியும் யாரும் அங்கே பார்க்கவில்லை.

"அன்னிக்கே என்னைய முன்னால உக்கார உட்டிருந்தீங்கன்னா…" என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கிளிப் ஈரோட்டிலிருந்து வர வேண்டுமாம். வந்ததும் ஐந்து நிமிஷ வேலை என்றான்.

அக்டோபர் 30, வியாழன்

வியாழக்கிழமை. விடிந்ததும் கடையைத் திறந்தேன். பத்து லிட்டர் எமல்ஷன் பெயிண்ட் பக்கெட் ஐந்து எடுத்தேன். வேட்டியை மறுபடி விரித்து, சீட்டில் இரண்டு, அவற்றின்மேல் இரண்டு, காலடியில் ஒன்று வைத்தேன். கடைசி பக்கெட்டைத் தூக்குவதற்குள் மூச்சு வாங்கியது. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெல்ட் போட்டேன். எதிர்க் கடைக்காரர் வெள்ளையடிக்கக் கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

செங்கப்பள்ளி தாண்டி எண்பதில் சத்தம் வந்தது. இது ஜூன். டோல்கேட்டில் அவள் சிரித்த சிரிப்பு இந்தச் சத்தத்தோடுதான் இருக்கிறது. அவினாசி வரை அப்படியே போனேன். வாய்விட்டுப் பேசவும் செய்தேன். வண்டி இடது பக்கம் சாயுது என்று சொன்னேன்.

ஓரமாக நிறுத்தி ஒரு பக்கெட்டைப் பின்னால் டிக்கியில் வைத்தேன். சத்தம் அடுத்த தெருவுக்குப் போனது. இது ஆடி. பேரிங் மாற்றிய பெருமை. அடிப் பிடித்த தேங்காய்ப்பால்.

இன்னொன்று. காது கொடுத்தால்தான் கேட்டது. இது புது டயர், இது மோதிரம்.

மூன்றாவதை எடுக்கக் கதவைத் திறந்தேன். கைப்பிடியைப் பிடித்தேன். அதை எடுத்தால் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். ரோடும் காற்றும் மட்டும்தான் கேட்கும்.

எடுக்கவில்லை. டிக்கியில் இருந்த இரண்டையும் திரும்ப முன்னால் கொண்டுவந்து வைத்துப் பெல்ட் போட்டேன். கொஞ்ச நேரம் பக்கெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு எண்பதிலேயே வீடு வந்து சேர்ந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

கிளிப் வந்துவிட்டதாம். ரங்கதுரை காலையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். நான் போனை எடுக்கவில்லை.